கம்பி மட்டும் கேட்கட்டும்

கிட்டாரின் ஓசையை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பை வைக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எதை வைத்தால் நன்றாகக் கேட்கும்? பதினேழு வருடமாக ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ரிப்பேர் செய்கிறேன். எதை வைத்தால் கேட்காது என்று விசாரித்துக்கொண்டு வந்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

தைத்து முடித்த கோட்டுகளைப் போட்டுக் கொடுக்கிற நீள உறைக்குள் கிட்டாரை வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். எங்கள் தெருமுனை மாடியில் துணி ஆல்டரேஷன் செய்கிறவர். என் இடுப்பு வருடத்துக்கு எத்தனை அங்குலம் வளர்கிறது என்பது என் மனைவிக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டார். அவருக்குப் பின்னால், வாசற்படியிலேயே, அவர் கணவர் நின்றுகொண்டார். இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கி இரண்டு வருடமாகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான்.

"தம்பி, இதுக்குள்ள ஒரு பிக்கப் வைக்கணும். ஸ்பீக்கர்ல கம்பி மட்டும் கேட்கணும். வேற எதுவும் கேட்கக் கூடாது."

"வேற என்னக்கா கேட்கப் போகுது? கிட்டார்ல இருக்கிறதே கம்பிதானே."

"வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது. ரெண்டு ஸ்டூல் இருந்தா போடுங்க, உட்கார்ந்து காட்டுறோம்."

டிரைவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து அவருடைய இடது கையைச் சாய்த்துவிட்டது. கால் மெல்லத் தேறியது, கை தேறவில்லை. பேச்சு வந்தது, ஆனால் வாயில் பஞ்சு அடைத்த மாதிரி வந்தது. கடைக்காரர்கள் காதைக் கொடுத்து "என்ன?" என்பார்கள். திருப்பிச் சொல்வார். மறுபடியும் "என்ன?" என்பார்கள். மூன்றாவது தடவை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதோடு வீட்டுக்கு வெளியே வாயை மூடியவர்தான்.

கிட்டாரை மட்டும் விடவில்லை. அக்கா விட விடவில்லை என்பதுதான் சரி.

ஸ்டூல்களை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். கிட்டார் அவர் தொடையில். அதன் கழுத்து அவருக்கு இடப்பக்கம் நீண்டு அக்காவின் முன்னால் வந்தது. அக்கா தன் இடது கையால் கழுத்தைப் பிடித்தார். டிரைவர் தன் வலது கையால் கம்பியை மீட்டினார். ஒரு கிட்டார், இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கை. நான் எத்தனையோ கிட்டார்களின் வயிற்றுக்குள் கையை விட்டவன்; இப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்க மறந்துபோனேன்.

பிடிகளுக்கு டிரைவர் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் அக்காவின் தலையில் ஏறவில்லை. "ஏ, பி எல்லாம் எனக்கு ரசீது எழுதத்தான் தம்பி" என்றார். அவரே பேர் வைத்துக்கொண்டார். விரல்கள் மூலைக்கு மூலை அகலும் பிடி 'பாக்கெட்'. சரிவாக நிற்பது 'காலர்'. விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒடுங்குவது 'மடிப்பு'. எல்லா விரலையும் எடுத்துவிடுவது 'பிரி'. மெட்டு டிரைவருக்குத் தெரியும், பிடி அக்காவுக்குத் தெரியும். அடுத்தது எந்தப் பிடி என்பதை ஒரு மூச்சுக்கு முன்னால் டிரைவர் குனிந்து அக்காவின் காதில் சொல்ல வேண்டும். அந்தக் குரல்தான் ஸ்பீக்கரில் கேட்கக் கூடாதது.

"அடுத்த மாசம் டெப்போவுல இவருக்கு வழியனுப்பு" என்றார் அக்கா. "காகிதமெல்லாம் இப்பத்தான் முடிஞ்சு வந்திருக்கு. அங்க ஒரு வழக்கம் தம்பி. ரிட்டயர் ஆகுறவங்க மைக் முன்னால நின்னு கொஞ்சம் பேசிட்டுத்தான் இறங்கணும். யாருக்கும் விலக்கு கிடையாது. டைம் கீப்பர் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. இவரு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, 'பேச்சு இல்லை, வாசிக்கிறேன்'னு எழுதி நீட்டிட்டாரு."

"அங்க பிக்கப் இல்லாம வாசிச்சா சத்தம் போதாதாக்கா?"

"தகரக் கூரை. முந்நூறு பேர். பக்கத்துல வண்டி ஓடிட்டே இருக்கும். மைக் வைச்சா இவரு குரலையும் சேர்த்து எடுத்துரும். அத்தனை பேரு முன்னால அந்தக் குரல் கேட்கவே கூடாதுங்கிறாரு. கேட்கும்னா வரவே மாட்டாரு."

டிரைவர் தலையை ஆட்டினார். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அன்று கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் ஒட்டு பிக்கப் ஒன்றை எடுத்துக் காட்டினேன். கிட்டாரின் மேல்பலகைக்கு அடியில் ஒட்டிவிட்டால் போதும். இது காற்றில் வருவதை எடுக்காது, மரம் அதிர்வதைத்தான் எடுக்கும் என்று பாடம் நடத்தினேன். குரல் காற்றில்தானே வருகிறது? இருவரும் நம்பினார்கள். நானே நம்பினேன்.

மறுநாள் மதியம் அவர்கள் வீட்டுக்கே போய் ஒட்டினேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரே அறைதான் கடையும் கூடமும். நடுவில் வெட்டுகிற மேஜை, ஜன்னலோரம் மிஷின், சுவர் முழுக்க ஹேங்கரில் கோட்டும் சட்டையும் கவுனும். ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். அயர்ன் பெட்டியின் நீராவியில் அறை வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா ஒரு தையலை முடித்துவிட்டு வருகிறேன் என்று மிஷினில் உட்கார்ந்தார். டிரைவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆம்ப்பின் வால்யூம் குமிழை மெல்லத் திருகினேன்.

கம்பியை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. மிஷின் ஓடுவது தரை வழியாக நாற்காலிக்கு ஏறி, நாற்காலியிலிருந்து அவர் தொடைக்கும் மரத்துக்கும் போய், எங்கோ தூரத்தில் ரயில் போவது போல வெளியே வந்தது. மிஷின் நின்றதும் மழை கேட்டது. பிறகு கீழே ஒரு பேருந்து வந்து நின்று, உறுமி, புறப்பட்டுப் போனது. ஆறு கம்பிகளும் லேசாக முனகி அடங்கின. பிறகு டிரைவரின் மூச்சு. கிட்டாரின் முதுகு அவர் நெஞ்சில் பட்டிருந்தது. அவருடைய இதயம் துடிப்பதும் கேட்டதென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கேட்டது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். தொங்கிய உடுப்புகளும் தலையில்லாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. அயர்ன் பெட்டியின் நீர் வற்றிப்போயிருந்தது.

"நம்ம வீடு இப்படியா இருக்கு?" என்றார் அக்கா, மெதுவாக.

பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் மெட்டைத் தொடங்கினார். ஓட்டுகிற காலத்தில் சிக்னலில் நிற்கும்போது வாய்க்குள் முனகி முனகி அவரே உண்டாக்கிய மெட்டு அது. அழகாகத்தான் வந்தது. குனிந்து, "பாக்கெட்" என்றார்.

"பாக்கெட்" என்றது ஸ்பீக்கர், இன்னும் தடித்த குரலில். ஜன்னல் திறந்திருந்தது. கீழே நிறுத்தத்தில் குடையோடு நின்ற ஒருவர் சட்டெனத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே அண்ணாந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் வலது கையால் ஒயரைப் பிடுங்கி, கிட்டாரை மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

பலகை அவ்வளவு மெல்லியது. வாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. குரல் பட்டால் பலகை அதிரத்தானே செய்யும்? இது தெரியாதவனா நான்? இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சோதிக்காமல் வாயால் வேலை பார்த்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அவங்க சொன்னதைக் காதுல வாங்கியிருந்தா போதுமே" என்றாள். காதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது தேவைதான்.

இரண்டு நாள் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி போனேன். கம்பிகள் வந்து உட்காரும் பாலத்துக்கு அடியில் வைக்கிற பட்டை ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பாலம், கிட்டார் அவரோடு பேருந்தின் எஞ்சின் மூடிமேல் போய்வந்த காலத்தில் சூட்டில் ஒருமுறை பெயர்ந்து, பசையும் ஆணியுமாக உட்காரவைக்கப்பட்டது. அதில் துளை போட்டால் கிட்டாருக்கும் சேர்த்து வழியனுப்பு நடத்த வேண்டியதுதான். மிச்சம் இருந்தது காந்த பிக்கப். நடு ஓட்டையில் குறுக்கே மாட்டுவது. இரும்பு ஆடினால் மட்டும்தான் அதற்குத் தெரியும். பக்கத்தில் நின்று கத்தினாலும் பொருட்படுத்தாது.

"அதையே மாட்டிருங்க தம்பி" என்றார் அக்கா.

"இதுல நைலான் கம்பி போட்டிருக்கீங்களேக்கா. காந்தத்துக்கு அது இருக்கிறதே தெரியாது. இரும்புக் கம்பி போடணும். கிட்டார் அதுக்குச் செஞ்சதுதான், தாங்கும். நீங்கதான் விரல் வலிக்குதுன்னு மாத்தியிருக்கீங்க போல."

அக்கா தன் இடது கையை ஒரு கணம் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார். "கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதானே. போடுங்க."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் பாத்துக்கிறேங்க" என்று அக்கா அதற்கு முந்திக்கொண்டார்.

போட்டேன். பளிச்சென்று கேட்டது. டிரைவர் குனிந்து "காலர்" என்றார், ஸ்பீக்கர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன், வலப்பக்க உதடு மட்டும் ஏறிய சிரிப்பு. வாசல்வரை வந்து என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாம் நாள் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்பே அக்கா வந்து நின்றார். கையில் கிட்டார் இல்லை. துணி வெட்டும் பெரிய கத்தரி இருந்தது. அதை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க தம்பி. நல்லா பாருங்க."

இரண்டு அலகிலும் பல் விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஆறு.

"இருபத்திரண்டு வருஷம். இதால ஒரு காகிதம் வெட்ட விட்டதில்ல. எங்கம்மா கேட்டப்பகூட கொடுத்ததில்ல. இந்த மனுஷன் இதால இரும்புக் கம்பியை வெட்டியிருக்காரு. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, ஆறு கம்பியையும்."

"ஏன்க்கா?"

"அதை அவருகிட்டயே கேளுங்க. நான் அவருகூடப் பேசுறதில்ல."

போனேன். கிட்டார் கம்பியில்லாமல் கிடந்தது. டிரைவர் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் வெள்ளை சாட்டின் கவுன் ஒன்று விரித்திருந்தது. அவர் அதன் முன்பக்கத்தைத் தடவிக் காட்டினார். நடுவில் ஒரு நூல் இழுபட்டு, நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. பிறகு அக்காவின் இடது கையைப் பிடிக்கப் போனார். அக்கா கொடுக்கவில்லை. அவர் காத்திருந்தார். கடைசியில் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். விரல் நுனிகள் காய்த்து, வெடித்து, ஓரம் உரிந்திருந்தன. அந்த விரலை அவர் சாட்டின் துண்டு ஒன்றின் மேல் மெல்ல இழுத்தார். துணி விரலோடு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் நைலானுக்கு மாற்றியது வலிக்காக இல்லை. பட்டும் சாட்டினும் தொடுகிற விரல் வழவழவென்று இருக்க வேண்டும்; சொரசொரத்தால் தொடுகிற துணியெல்லாம் பாழ்.

"ஏன்... சொல்லல?" என்றார் டிரைவர். பிடிகளின் பேரைத் தவிர என் முன்னால் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கவனித்துக் கேட்டால் புரிந்தது.

"சொன்னா கம்பி போட விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான்."

"அதுக்கு... விரலையா?"

"எண்ணெய் தடவுறேன், கல்லு போட்டுத் தேய்க்கிறேன். ஒரு மாசம்தானே, சமாளிச்சிருப்பேன். நீங்க அங்க போயி தலை நிமிர்ந்து உட்காரணும்னு நினைச்சேன். நினைச்சது தப்பா? அதுக்கு என் கத்தரிதான் கிடைச்சுதா உங்களுக்கு? சமையல்கட்டுல வேற கத்தியே இல்லையா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "கோபத்துல... கைக்குக் கிடைச்சது."

அக்காவின் வாயோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். டிரைவர் என் பக்கம் திரும்பினார். "நைலான் போடு. பழைய பிக்கப். நான்... வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க சொல்லாம எனக்கு எப்படிங்க வரும்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"முட்டி" என்றார் டிரைவர்.

நைலான் கம்பியும் ஒட்டு பிக்கப்பும் திரும்ப வந்தன, முட்டிதான் வழி என்று ஆயிற்று. அவர் முட்டியால் அக்காவின் முட்டியில் ஒரு இடி பாக்கெட், இரண்டு காலர், மூன்று மடிப்பு, அழுத்திப் பிடித்தால் பிரி. "முட்டியால தந்தி அடிக்கிறாரு" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். விரல்கள் தேறவில்லை, ஆனாலும் தினமும் மதியம் பழகினார்கள். மாடியிலிருந்து மெட்டு வரும், பாதியில் அறுந்து போகும், "ரெண்டு இடிச்சீங்களா, மூணா?" என்று அக்கா கேட்பார், மறுபடி தொடங்கும். கடைசி வாரத்தில் அறுபடாமல் முழுதாக வந்தது.

வழியனுப்பு மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில். பேருந்துகளை வெளியே நிறுத்தி ஷெட்டைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரம். தகரத்தில் அங்கங்கே இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கி ஈரத்தில் நின்றது. டீசல் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து மிதந்தன. எனக்கு முந்தின நாள் தூக்கமில்லை. எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல இருந்தது. ஒயரை மாட்டும்போது டிரைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வாய் தவறி... பேசிட்டேன்னா... குறைச்சிடு."

"குறைச்சிடுறேண்ணே. கை குமிழ்லயேதான் இருக்கும்."

மூன்று பேர் பேசி இறங்கினார்கள். ஒருவர் அழுதார், ஒருவர் மேலதிகாரியைக் கிண்டல் செய்தார், ஒருவர் எழுதிவந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இவர்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் மீட்ட, அக்கா பிடிக்க, மெட்டு கூரைவரை எழுந்து பரவியது. முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. மூன்றாவதில் பாதிக்கு வரும்போது, வெளியே ஷெட்டை ஒட்டி யாரோ ஒரு பேருந்தைக் கிளப்பினார்கள். தரை அதிர்ந்து, மேடைப் பலகை அதிர்ந்து, முக்காலி அதிர்ந்தது. அக்கா அதை முட்டி என்று நினைத்துவிட்டார். காலர் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பைப் பிடித்தார்.

கர்ணகடூரமாக ஒரு ஒலி வந்தது. அக்கா திடுக்கிட்டு விரலை எடுத்தார். டிரைவர் இரண்டு தடவை இடித்தார். அக்காவுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. மறுபடி இடித்தார். அக்கா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மேடைக்குக் கீழிருந்து பார்த்தேன். இத்தனை நாளும் அவருக்காக எல்லாரிடமும் பேசிய பெண், இப்போது ஒரு சொல்லுக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் கம்பிகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு குனிந்தார்.

"காலர்" என்றார்.

அந்தத் தடித்த குரல் ஷெட்டின் நான்கு மூலைக்கும் போனது. என் கை குமிழின் மேல்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தவன். ஆனால் குறைத்தால் கம்பியும் சேர்ந்து குறையும், அக்காவின் பிடியும் சேர்ந்து குறையும். கையை எடுத்து என் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

அக்கா காலரைப் பிடித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டிரைவருக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் நிமிரவில்லை. "பாக்கெட்" என்றார். "மடிப்பு." "பிரி." ஒவ்வொரு சொல்லும் மெட்டுக்கு ஒரு மூச்சு முன்னால் வந்து நின்றது, அதன் பின்னால் மெட்டு வந்தது. சிரித்தவர் நிறுத்திவிட்டார். முன்வரிசையில் ஒரு கண்டக்டர், பாக்கெட் வரும் இடம் எதுவென்று பிடித்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்பே தலையை ஆட்டினார். நான்காவது சுற்றில் அவர் குரல் தெளிவாகியிருந்தது, அல்லது எங்கள் காது பழகியிருந்தது.

கடைசிப் "பிரி" வந்தது. திறந்த கம்பிகள் ஆறும் ஒலித்து, மெல்ல மெல்ல அடங்கின. கைதட்டலாமா இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் எல்லாரும் காத்திருந்தார்கள். டிரைவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மடியில் கிட்டார் இருப்பதையும், அதற்குக் காது இருப்பதையும் மறந்துபோனார். தன் வலது கையால் அக்காவின் இடது கையைக் கழுத்திலிருந்து எடுத்து, விரல்களைத் திருப்பி, ஒவ்வொரு நுனியாகப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"பொய்" என்றார் அவர். முந்நூறு பேருக்கும் கேட்டது.